காப்பு கட்டின கை

எங்கள் ஊர் தர்மகர்த்தா காப்பு கட்டின கையால் நண்டு தின்றார். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வரப்புத் தகராறு என்கிறார்கள், பரம்பரைப் பகை என்கிறார்கள். மண்ணாங்கட்டி. நண்டுதான்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டின ஊர் எங்களுடையது. வைகாசியில் உப்பு வாருகிற மும்முரமும் திரௌபதி அம்மன் தீமிதியும் ஒன்றாகவே வரும். கொடி ஏறின அன்றைக்கு, தீயில் இறங்கப் போகிறவர்களின் வலது கையில் பூசாரி மஞ்சள் கயிறு கட்டுவார். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. கவிச்சி கூடாது, குடி கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. காப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். தீட்டோடு தீயில் இறங்கினவனை அம்மன் விடமாட்டாள். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

என் வீட்டுக்காரர் ராஜவேல் வருஷம் தவறாமல் இறங்குகிறவர். கல்யாணமான புதிதில் நான் அவரிடம், "பயமா இல்லியா?" என்று கேட்டேன். "நடந்துகினே இருந்தா ஒண்ணும் பண்ணாது மலரு. நின்னாதான் சுடும்" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

தர்மகர்த்தா சிவஞானம் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன். அவருக்கு அண்ணன், எனக்கு மாமா. பாத்தியெல்லாம் அவருடையது, நாங்கள் அதில் உப்பு வாருகிறவர்கள். பூசாரி கரகத்தோடு தீயில் நடந்ததும் அடுத்து இறங்குகிற உரிமை சிவஞானம் மாமாவுக்குத்தான். அவருக்குப் பின்னால்தான் ஊரே இறங்கும்.

தீமிதிக்கு முந்தின நாள், உச்சி வெயில். மோட்டாரை நிறுத்தப் போன என் வீட்டுக்காரருக்குப் பின்னால் நான் தண்ணீர்க் கேனோடு போனேன். மோட்டார்க் கொட்டகைக்குள் மாமா உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழை இலையில் நண்டு வறுவல், பக்கத்தில் பாதி காலியான குவார்ட்டர். நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிற்றில் மசாலா ஒட்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாண்ணே இது. கையில காப்பு இருக்குது."

"போடா, போய் வேலையப் பாரு. ரெண்டு நண்டுல அம்மன் கொறைஞ்சிட மாட்டா."

"நீ தின்னு, குடி, நான் கேக்கல. காப்பக் கழட்டிடு. நாளைக்கு நீ எறங்கக் கூடாது. உன் பின்னாடி பொம்பளைங்க, புள்ளைங்க எல்லாம் எறங்குதுங்க."

"என் பாத்தியில உப்பு வார்றவன் என் காப்பக் கழட்டச் சொல்றியா?"

என் வீட்டுக்காரர் உள்ளே போய், குனிந்து, அந்தக் கையைப் பிடித்தார். கயிற்றில் விரல் பட்டதுதான் தாமதம், மாமா எழுந்து ஒரு உதை விட்டார். இவர் வெளியே வந்து வரப்பில் விழுந்தார். கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு மாமா பின்னாலேயே வந்தார். ஆள் உயரக் கம்பு, அதன் நுனியில் கனமான பலகை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது, பலகையின் விளிம்பு, காதுக்குப் பின்னால். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

அவர் பாத்திக்குள் குப்புற விழுந்தார். மாமா இறங்கி அவர் பிடரியில் காலை வைத்து, முகத்தை உப்புத் தண்ணீருக்குள் அழுத்தினார். அழுத்திக்கொண்டே விலாவில் அடித்தார், விறகு பிளக்கிறவன் மாதிரி நிதானமாக. வெள்ளை உப்பில் சிவப்பு பரவிற்று. நான் பாய்ந்து மாமாவின் கையைக் கடித்தேன். பல் எலும்பில் பட்டது, வாயெல்லாம் நண்டு மசாலா. என் முடியைச் சுற்றிப் பிடித்து என்னைத் தூக்கி எறிந்தார். முழங்கால் தோல் உரிந்து, உரிந்த இடத்தில் உப்பு ஏறிற்று. அந்த எரிச்சல்கூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்துவிட்டது.

பக்கத்துப் பாத்திகளில் பத்துப் பதினைந்து பேர் பலகையும் கையுமாக நின்றார்கள். மாமா மூச்சு வாங்கியபடி அவர்களைப் பார்த்துச் சொன்னார். "வரப்புல வழுக்கி உழுந்துட்டான். பாத்தீங்க இல்ல?"

ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பிளைகளாம், தீ மிதிக்கிற ஆம்பிளைகளாம். என்னோடு வேலை செய்கிற ஜான்சி ஒருத்திதான் ஓடிவந்து அவர் தலையைத் தூக்கினாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள், அவள் கையில் கயிறு கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். காதிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. ஜான்சி நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். சைரன் சத்தம் ஊர் எல்லை வளைவு வரைக்கும் வந்தது, அப்புறம் திரும்பிப் போயிற்று. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜான்சி அழுதாள். மாமாவின் ஆட்கள் வளைவில் நின்று, ஆளை முன்னாடியே காரில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடி போன் போட்டாள். மறுபடியும் அதேதான்.

வாடகைக் கார் ஓட்டுகிற பக்கிரி வீட்டுக்குப் போனேன். "அவரு கையில காப்பு இருக்குதேக்கா. எல்லை தாண்டினா ஊருக்கு ஆகாதே" என்றான். வீட்டுக்கு ஓடிவந்தேன். பிளேடால் என் வீட்டுக்காரர் கைக்காப்பை அறுத்து எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். "இந்தா, அறுத்துட்டேன். இப்ப வண்டிய எடு." அதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. பூசாரி குழந்தைசாமியைக் கூப்பிட்டான்.

பூசாரி நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பொறுமையாகவே சொன்னார். "நீ அறுத்தா காப்பு எறங்கினதா ஆவுமாம்மா? அம்மன் எறக்கணும். நாளைக்கு ஒரு பொழுது பொறுத்துக்கோ. தீ மிதிச்ச உடனே மொத வண்டி உன் வண்டிதான்."

"அதுக்குள்ள அவரு போயிட்டா?"

"அப்படியெல்லாம் வாயில வரக் கூடாது."

உப்பு மூட்டை தள்ளுகிற வண்டியில் அவரைக் கிடத்தி நானும் ஜான்சியும் தள்ளிக்கொண்டு போனோம். வளைவில் மாமாவின் ஆட்கள் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். திருப்பினவர்கள் எல்லோரும் எனக்கு உறவுமுறைக்காரர்கள். ஒருத்தன் என் கல்யாணத்தில் பந்தல் போட்டவன்.

விடிந்தது. கோயில் திடலில் படுகளம் ஆரம்பித்தது. மண்ணால் செய்த துரியோதனனை மல்லாக்கக் கிடத்தி, பீமன் வேஷக்காரன் தொடையில் அடிக்கிற சடங்கு. அது முடிந்ததும் ஒலிபெருக்கியில் சிவஞானம் மாமாவின் குரல் வந்தது. எங்கள் வீட்டுக் கூரை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"என் தம்பிய நான் அடிச்சேன்னு சில பேரு பேசறாங்க. விரதத்த முறிச்சேன்னு பேசறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. சாயந்தரம் தீயில எறங்கறேன். தப்பு பண்ணியிருந்தா அம்மன் என்னைச் சுடட்டும். சுடலன்னா அதுக்கப்பறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

கூட்டம் கோவிந்தா போட்டது. அந்தப் பாத்தியில் பார்த்தவர்கள் யாராவது நாளைக்காவது மனசாட்சிக்குப் பயந்து பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். மாமா கால் சுடாமல் கரையேறிவிட்டால் முடிந்தது. அம்மனே விட்டுவிட்டாள், இனி யார் பேசுவார்கள்? போலீஸ் வந்து கேட்டால்கூட வரப்பில் வழுக்கின கதைதான்.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். ஒலிபெருக்கியைக் கேட்டிருக்கிறார். உதட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"நடந்துடுவான் மலரு" என்றார். "நிக்காம நடந்தா... எவனும் நடந்துடுவான்."

அப்புறம் அவர் பேசவில்லை. மதியம், வெயில் சாயத் தொடங்குகிற நேரத்தில், என் மடியில், மூச்சு ஒரு தடவை இழுத்து நின்றுபோயிற்று. பலகை பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் மட்டும் ஒட்டியிருந்தது. என் நெஞ்சிலிருந்து சத்தம் கிளம்பி வந்தது. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மூச்சு நின்றால் சாவு ஆகாது. பொம்பளை அழுதால்தான் சாவு. அழுகைச் சத்தம் தெருவில் கேட்ட நொடியில் பங்காளி வீடெல்லாம் தீட்டு. நான் இப்போது அழுதால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மாமா மரியாதையாகக் காப்பைக் கழற்றுவார். "தம்பி செத்துட்டான், தீட்டு, நான் எறங்க முடியாது" என்பார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து உட்கார்ந்து, பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்லுவார். அம்மன் சுட்டாளா விட்டாளா என்ற கேள்வியே இல்லாமல் போய்விடும். அழாமல் இருந்தால் மாமா நடப்பார், நடந்து கரையேறிவிடுவார். எப்படிப் பார்த்தாலும் ஜெயிப்பது அவர்தான்.

நின்னாதான் சுடும். அவர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். கண்ணைத் துடைத்தேன். போர்வையை அவர் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பேனைப் போட்டேன். தலைமாட்டில் விளக்கு ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை. "மன்னிச்சிடுங்க, கொஞ்ச நேரந்தான்" என்று அவர் காதில் சொன்னேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமாவின் சம்சாரம் பாப்பாத்தி, மோர்ச் சொம்போடு. ஒரு நாளும் இல்லாத மோர். எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரியாதா எனக்கு? அவளும் காப்பு கட்டினவள், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"எப்படி இருக்காரு மலரு?"

"தூங்கறாருக்கா."

எட்டிப் பார்த்தாள். பேன் காற்றில் போர்வை மெல்ல அசைந்தது. "மூச்சு இருக்குதா?"

நான் அவர் காலைப் பிடித்தபடி அவள் கண்ணைப் பார்த்தேன். "இருக்குது. நல்லா இருக்குது. மாமாவைப் பயப்படாம எறங்கச் சொல்லுக்கா."

அவள் பெருமூச்சு விட்டாள். மோரைப் படியில் வைத்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினாள்.

ஜான்சியைக் கூப்பிட்டேன். "உள்ள போய் அவருகிட்ட உக்காரு. அழாத." அவள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அறுத்த காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு நான் திடலுக்கு நடந்தேன். செத்த வீட்டுத் தீட்டோடு அம்மன் திடலில் கால் வைத்தேன். பாவம் என்றால் அது எனக்கே இருக்கட்டும்.

தீக்குழி தயாராக இருந்தது. காலையிலிருந்து எரிந்த வேலங்கட்டைகள் தணலாகி, அதை எங்கள் உப்பளத்துப் பலகைகளாலேயே இழுத்துப் பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் நிற்க முடியாத அனல். குழியின் இந்தத் தலையில் காப்புக்காரர்கள் மஞ்சள் வேட்டியில் வரிசையாக நின்றார்கள். அந்தத் தலையில் கால் நனைக்கிற பால்குழி. நான் நடுவில், கூட்டத்தைத் தடுக்கக் கயிறு கட்டின இடத்தில், முன்வரிசைக்குப் புகுந்து நின்றேன். ஒதுங்கி வழிவிட்டவர்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

பம்பை முழங்கிற்று. பூசாரி கரகத்தோடு இறங்கி, விறுவிறுவென்று நடந்து கரையேறினார். கோவிந்தா, கோவிந்தா என்று திடல் அதிர்ந்தது. அடுத்து சிவஞானம் மாமா. மாலையும் சந்தனமுமாக, மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அப்போது மாமா திரும்பி, பாப்பாத்தி இடுப்பிலிருந்த பேத்தியை வாங்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். கனிஷ்கா. மூன்று வயசுக் குழந்தை. என்னைச் சின்னாயா என்று கூப்பிடும். என் வீட்டு வெல்லத்தைத் தின்று வளர்ந்தது. குழந்தையைச் சுமந்து தீ மிதிப்பது எங்கள் ஊரில் இருக்கிற வழக்கம்தான், ஆனால் இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

மாமா இறங்கினார். குழந்தை அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. நடுவுக்கு வந்துவிட்டார்கள். இதுதான் நேரம். என் வாய் திறந்துவிட்டது. என் புறங்கையை வாய்க்குள் கொடுத்துக் கடித்தேன். என் ரத்தம் உப்புக் கரித்தது. அடி வாங்கிச் செத்தவரை நினைத்தேன், அந்தச் சிரிக்கிற குழந்தையைப் பார்த்தேன், இன்னும் கடித்தேன். மாமா நடந்து போய்ப் பால்குழியில் கால் வைத்தார்.

திடலே கத்தியது. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். உங்களைச் சும்மா அனுப்பிவிட்டேனே என்று செத்தவரிடம் மனசுக்குள் சொன்னேன்.

மாமா குழந்தையை இறக்கிக் கொடுத்தார். உள்ளங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். மைக்கை வாங்கினார். "பாத்துட்டீங்களா? எவனுக்காவது இன்னும் சந்தேகம் இருக்குதா?"

அங்கேயே விட்டிருந்தால் அவர் இன்றைக்கும் தர்மகர்த்தாதான். ஆனால் அவர் கண் கூட்டத்தைத் துழாவி என்மேல் வந்து நின்றது. சிரித்தார்.

"மலரு. உனக்கு இருக்குதா? உனக்கோசரம் இன்னொரு தடவ நடக்கறேன், பாத்துக்கோ."

வேண்டாம் என்று பூசாரி கையை நீட்டினார். மாமா அதைத் தள்ளிவிட்டு, குழியைச் சுற்றி வந்தார், காலை மணலில் தேய்த்துக்கொண்டார். தனியாக இறங்கினார். இப்போது அவசரம் இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நடுவுக்கு வந்தார்.

நான் கையை வாயிலிருந்து எடுத்தேன்.

"ஐயோ என் ராசா போயிட்டாரே." மதியத்திலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் ஒரே குரலாக வந்தது. மார்பில் அடித்துக்கொண்டேன். "மதியமே போயிட்டாரே மாமா. உங்க தம்பி செத்துட்டாரே மாமா. தீட்டோட தீயில நிக்கறீங்களே மாமா."

பம்பை நின்றது. மாமா நின்றார்.

யாரும் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தால் பால்குழி. ஆனால் அவர் நின்றுவிட்டார். கையிலிருந்த காப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். விரதத்தில் நண்டு தின்றபோது வராத பயம் அப்போது அவர் முகத்தில் வந்தது. "பாப்பாத்தி உசுரோட இருக்கான்னாளே" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குள் காலிலிருந்து புகை கிளம்பிவிட்டது.

அலறிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார், மறு கால் மடங்கியது, இரண்டு கையையும் தணலில் ஊன்றி விழுந்தார். வேட்டி பற்றிக்கொண்டது. தோல் கருகுகிற வாடை என் மூக்கில் ஏறியது. எழுந்திருக்கப் பார்த்து மறுபடி முழங்காலில் விழுந்தார். குழிக்கரையில் அவருடைய ஆட்கள் வரிசையாக நின்றார்கள், எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. தொட்டால் தீட்டு. ஒருத்தனும் இறங்கவில்லை. கடைசியில் பக்கிரிதான் தணல் பரப்பின உப்புப் பலகையை எடுத்து, அவர் அக்குளில் மாட்டி, கரைக்கு இழுத்துப் போட்டான்.

நான் அழுதுகொண்டேதான் இருந்தேன். அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. பாப்பாத்தி குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தன், "நேத்து பாத்தியில அடிச்சதப் பாத்தேன்" என்றான். இன்னொருத்தன், "நானும் பாத்தேன்" என்றான். நேற்றைக்கே வாய் இருந்தது இவர்களுக்கு.

"கார எடுடா பக்கிரி" என்று நாலு பேர் கத்தினார்கள். கார் உடனே வந்தது. மாமாவைத் துணியில் சுருட்டிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். வெந்த கை ஒன்று சன்னலுக்கு வெளியே தொங்கியது. அதில் ஓரம் கருகி, மசாலாக் கறையோடு அந்தக் கயிறு. நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"காப்பு இருக்குதே பக்கிரி. எல்லை தாண்டலாமா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். பூசாரி ஓடிவந்து என் தோளைத் தொட்டார். "உயிர் போற விஷயம்மா. வழி விடு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையை எடுத்துக்கொண்டார்.

வழி விட்டேன். கார் வளைவைத் தாண்டி, ஈ.சி.ஆர். ரோட்டில் ஏறி, புதுச்சேரிப் பக்கம் திரும்பியது. அந்தக் கயிற்றை அறுக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் தலைமாட்டில் விளக்கை ஏற்றினேன்.